முள்கரண்டி கேட்காத இருவர்

என் மாமனார் பல் டாக்டர். நான் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். கல்யாணமாகி மூன்று வருடமாகியும் அவர் என்னை ஒரு தடவைகூட "மாப்பிள்ளை" என்று கூப்பிட்டதில்லை. "இந்தாங்க", "இங்க பாருங்க" என்றே காலத்தை ஓட்டிவிட்டார். கல்யாணத்தன்று யாரிடமோ, "பையன் நாலு இடம் போய்ப் பழகாதவன்" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. விழுந்தது இன்னும் எழுந்திருக்கவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு வெளியூரில் வேலை கிடைத்து நாங்கள் குடிபோன வீட்டுக்கு அவரை விமானத்தில் கூட்டிப்போகும் பொறுப்பு என் தலையில் வந்து விடிந்தது. மனைவி போனிலேயே உத்தரவு போட்டாள்.

"அப்பா பசி தாங்க மாட்டாரு. ஏறுறதுக்கு முன்னாடி சாப்பிட வைங்க. இந்த ஒரு தடவையாவது ரெண்டு பேரும் ஒட்டிக்கணும், சொல்லிட்டேன்!"

விமான நிலையத்தில் கூட்டமில்லாத கடை ஒன்றே ஒன்றுதான். நூடுல்ஸ் கடை. கடைப்பெண் ஆவி பறக்கும் இரண்டு கிண்ணங்களை வைத்தாள். பக்கத்தில், இடுக்கிச் சாப்பிட ஆளுக்கு இரண்டு குச்சி.

முள்கரண்டிகள் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு டப்பா நிறைய இருந்தன. கேட்டால் கொடுத்திருப்பாள். ஆனால் நாலு இடம் போய்ப் பழகாதவன் கேட்கலாமா? கேட்டால் அவர் சொன்னது சரி என்று ஆகிவிடாதா? செத்தாலும் கேட்பதில்லை என்று குச்சியை எடுத்தேன்.

அவரும் எடுத்தார். நூடுல்ஸ் அவர் உதடுவரை ஏறிவந்து, வழுக்கிக்கொண்டு கிண்ணத்துக்கே திரும்பியது. எத்தனை கடைவாய்ப் பல்லை இடுக்கியால் பிடுங்கிய கை! எனக்கு உள்ளூர ஒரே குஷி. அடுத்த நொடியே என்னுடையது என் சட்டையில் விழுந்தது. அவர் நாகரிகமாகக் கூரையைப் பார்த்தார்.

"சூடா இருக்கு. ஆறட்டும்," என்றார்.

"ஆமா மாமா, என்ன அவசரம்?" என்றேன். பசியில் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

அவர் ஓரக்கண்ணால் அந்த டப்பாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"ஏதாவது வேணுமா மாமா?"

"எனக்கென்ன வேணும்? உங்களுக்கு?"

"எனக்கும் ஒண்ணும் வேணாம்."

சூடு ஆறி, நூடுல்ஸ் ஊறி, விமானத்துக்கு அழைப்பும் வந்துவிட்டது. கிண்ணங்கள் வைத்தது வைத்தபடி இருந்தன.

"நல்லா இல்லையா சார்?" என்று கடைப்பெண் முகம் வாடிக் கேட்டாள்.

"பிரமாதம்மா! வயிறு நிறைஞ்சிடுச்சு," என்றார் மாமனார், கொஞ்சமும் கூசாமல்.

எதிரிலேயே விமானம் ஏறும் வரிசை. அதில் நின்றபடி திரும்பிப் பார்த்தோம். கடைப்பெண் ஓர் ஓரமாக உட்கார்ந்து, தனக்கென்று ஒரு கிண்ணம் வைத்துக்கொண்டு, முள்கரண்டியால் சுருட்டிச் சுருட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மாமனார் என்மேல் பாய்ந்தார்.

"நீங்களாவது கேட்டிருக்கலாம்ல மாப்பிள்ளை? வெளியூர்ல வேலை பாக்குற மனுஷன். உங்க முன்னாடி நான் எப்படிக் கேக்கிறது? மானம் போயிடாது?"

அதற்குள் மனைவி போனில் வந்தாள். அவரிடமே கொடுத்தேன்.

"வயிறு முட்ட சாப்பிட்டோம்மா," என்றார். "போதும் போதும்னாலும் மாப்பிள்ளை விட்டாத்தானே!"

சந்தோஷத்தில் எனக்கு மனசு நிறைந்தது. வயிறு மட்டும் இரைந்துகொண்டே இருந்தது. அவருடையதும்தான்.