வெஸ்டா எடுத்துக் கொடுத்த கல்

ஓரின் ஸ்டாக் நாங்கள் வேலை பார்க்கும் ஹார்டுவேர் கடைக்குள் வந்தபோது வெஸ்டா அரங்களை அளவுவாரியாக மாட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து மேசையில் நான் பெயிண்ட் கலக்கிக்கொண்டிருந்தேன். அவனைப் பார்த்ததும் என் கை நின்றுவிட்டது. அவள் கை நிற்கவில்லை.

வெர்மான்டில் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை அது. வெஸ்டாவின் புருஷன் ஆல்டன், ஓரினின் மரமில்லில் கத்தி செய்பவனாக இருந்தான். கதவுச் சட்டம், சுவரோரம் அலங்காரமாக ஓடும் மரப் பீடிங் எதுவானாலும், இயந்திரத்தில் மாட்டும் வளைவுக் கத்தியை அவன்தான் அரத்தால் உருவாக்கிக் கல்லால் மெருகேற்றுவான். ஒரு சமயம் ஹோட்டல் மாடிப்படி வேலை அவசரமாக வந்தது. ஆல்டன் லீவில் இருந்தான். ஓரின் தானே முரட்டு அரத்தால் ஒரு கத்தியைத் தேய்த்து, கல் போடாமலே மரத்தை இயந்திரத்தில் ஓட்டிவிட்டான். வார்னிஷ் அடித்ததும் பீடிங் முழுக்க நீளநீளமாகக் கீறல் தெரிந்தது. ஹோட்டல்காரர் கத்தியபோது, ஆட்கள் எல்லாரும் பார்க்க, "ஆல்டன் குடிச்சிட்டு வந்து செஞ்ச வேலை" என்றான் ஓரின்.

ஆல்டன் குடியை விட்டு வருஷக்கணக்காகியிருந்தது. ஆனால் ஒரு காலத்தில் குடித்தவன் என்பது ஊருக்குத் தெரியும், அது போதுமாயிருந்தது. வேலை போனது, பிறகு எந்த மில்லும் அவனை எடுக்கவில்லை. விறகு பிளந்து விற்றான். சர்ச்சில் அவன் பக்கத்தில் உட்காருகிறவர்கள் மூக்கை லேசாக உறிஞ்சிப் பார்ப்பார்கள். வெஸ்டா அதை ஒவ்வொரு ஞாயிறும் பார்த்தாள்.

"வெஸ்டா, ஒரு உதவி" என்றான் ஓரின். சர்ச் கூரை ஒழுகி ஒரு பக்கச் சுவரின் பீடிங் அழுகிப்போயிருந்தது. செர்ரி மரத்தில் புதிதாகச் செய்து, மீதியிருக்கும் பழையதோடு இணைக்கவேண்டும். பழையது ஆல்டன் செய்தது. கத்தியைப் பட்டறை ஆள் அறுத்துக் கொடுத்துவிட்டான், காய்ச்சிக் கெட்டியாக்கிப் பதமும் போட்டாகிவிட்டது, மெருகேற்றுவதுதான் பாக்கி.

"கீறல் மட்டும் விழக்கூடாது. பாதிரியார் அந்த ஹோட்டல் விஷயத்தை இன்னும் மறக்கல."

"நானும் மறக்கல. கத்தியைக் காட்டுங்க" என்றாள் வெஸ்டா. பள்ளியில் ஒன்றாகப் படித்தவனை அவள் 'நீங்க' என்று சொன்னதை அவன் கவனித்ததாகத் தெரியவில்லை.

துணியைப் பிரித்து வைத்தான். நடுவில் அரைவட்டமாக ஒரு குழி. அவள் விரலை அதில் ஓட்டிப் பார்த்தாள்.

"பதம் போட்டாச்சுன்னா அரம் ஏறாது, வழுக்கும். கல்தான். உருண்டை விளிம்புக் கல், நயமானது." இழுப்பறையைத் திறந்தாள். இரண்டு கற்களை எடுத்து, ஒன்றைத் திரும்ப வைத்தாள். "இது போதும். எண்ணெய் விட்டு நல்லா அழுத்தித் தேய்ங்க. கண்ணாடி மாதிரி வரும்."

"இது சரியான அளவுதானே?"

"நான் ஆல்டன்கிட்ட கல்லு பொறுக்கிப் பழகினவன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவன் சிரித்தான், வாங்கிக்கொண்டு போனான். கதவு சாத்தியதும் நான் கேட்டேன்: "ஏண்டி, அந்த ஆளுக்குப் போய் இவ்வளவு பொறுமையா?"

"கல்லோட வளைவு குழியைவிடக் கொஞ்சம் சின்னதா இருக்கணும். அப்பதான் அடிவரைக்கும் போகும். பெரிசா இருந்தா அடிக்குப் போறதுக்குள்ள குழியோட ரெண்டு உதட்டையும் தின்னுடும்."

"நீ எது கொடுத்த?"

அவள் அரத்தை ஆணியில் மாட்டினாள். "பெரிசு."

ஓரின் கீறலுக்கு மட்டுமே பயந்தவன். ஓட்டிய மரத்தைக் கட்டை விரலால் தடவினான், வழவழவென்றிருந்தது, கொண்டுபோய் சர்ச் சுவரில் அடித்துவிட்டான். ஞாயிறன்று காலை வெயில் ஜன்னல் வழியே சாய்வாக விழுந்தது. ஆல்டனின் பீடிங் திரட்சியாக ஓடி வந்தது. இணைப்புக்கு அப்பால் ஓரினுடையது தோள் கரைந்து சப்பையாகக் கிடந்தது. கடைசி வரிசையிலிருந்தே தெரிந்தது. யாரோ சிரித்தார்கள். பாதிரியார் சத்தமாகவே கேட்டார்: "ஓரின், இந்தத் தடவை யார் குடிச்சிருந்தது?"

ஓரினின் கழுத்து சிவந்ததை வெஸ்டா கண்கொட்டாமல் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் அதற்குமுன் கண்டதில்லை.

மறுநாள் கடை திறந்ததும் வந்துவிட்டான். கல்லை மேசையில் எறிந்தான்.

"வேணும்னே பண்ணின!"

"ஆமா."

"ஊரெல்லாம் சொல்லுவேன். உன்னை இந்தக் கடையை விட்டே துரத்துறேன்."

"தாராளமா சொல்லுங்க. ஏன் பண்ணினேன்னு கேப்பாங்க. அதையும் நீங்களே சொல்லிடுங்க, முழுசா."

என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் பெயிண்டைக் கலக்கிக்கொண்டே சிரித்தேன். போய்விட்டான். யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் ஆல்டனிடம் மறைக்க முடியவில்லை. ஞாயிறன்றே சர்ச்சில் எல்லாரும் போனபின் அவன் அந்த இணைப்பை விரலால் தடவியிருக்கிறான். வீட்டில் அவள் சூப் ஊற்றும்போது கேட்டானாம்: "பெரிய கல்லா கொடுத்த?"

"உனக்காகத்தான்."

"எனக்காகவா? அருமையான செர்ரி மரம், வெஸ்டா. அவனை நாலு பேர் முன்னாடி அறைஞ்சிருக்கலாம். மரத்தை ஏண்டி கெடுத்த?"

அன்று இரவு அவன் அவளோடு பேசவில்லை. அவளும் மன்னிப்புக் கேட்கவில்லை. "அறைஞ்சா ஒரு நாள் எரியும், அவ்வளவுதான்" என்று என்னிடம் சொன்னாள்.

அந்த வாரமே பாதிரியார் ஆல்டன் வீட்டுக்கு வந்து வேலையை அவனிடம் கொடுத்தார். ஆல்டன் புதுக் கத்தி செய்தான். கல்லை அவளைக் கேட்காமல் தானே பொறுக்கினான். புதுப் பீடிங் ஏறிய பிறகு எது பழையது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

ஓரின் இப்போது அடுத்த ஊர் சர்ச்சுக்குப் போகிறான். ஹோட்டல் பீடிங் கதையை அங்கேயும் சொல்லி வைக்க, வெஸ்டா அந்த ஊரில் யாருக்கெல்லாம் மரவேலை தெரியும் என்று என்னிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.