முந்தி நீட்டிய கோப்பை

கேட்கும் முன்பே டிக்கெட்டை நீட்டுகிறவனைத்தான் இரண்டாம் முறை பார்க்க வேண்டும். பஸ்ஸில் பரிசோதகராக இருக்கும் அவளுக்கு இது அத்துப்படி. ஆனால் பெற்ற பிள்ளையே ஐந்து வாரமாக அப்படி நீட்டியபோது உறைக்கவில்லை, பாருங்கள்.

பையனுக்கு எட்டு வயது. சளி விட்ட இரண்டாம் வாரம் கால்களிலும் பிட்டத்திலும் செக்கச்செவேலென்று தடிப்புகள், கணுக்கால் வீக்கம், சுருட்டிப் பிடிக்கும் வயிற்றுவலி. யாரோ அடித்துவிட்டார்கள் என்று பள்ளிக்கூடத்தில் போய் மல்லுக்கு நின்றாள். நான்கு நாள் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துப் பார்த்த டாக்டரம்மாதான் புரியவைத்தார்.

"யாரும் அடிக்கலம்மா. இதுக்குப் பேரு ஐஜிஏ வாஸ்குலைட்டிஸ். கிருமியை விரட்ட உடம்பு செஞ்ச சரக்கு, வழி தப்பி சின்ன ரத்தக்குழாய்ல போய்ப் படிஞ்சிருக்கு. பெரும்பாலும் தானா அடங்கிடும். சிறுநீரகத்தை மட்டும் நம்பாதீங்க. வலிக்காமலே கெடும்."

அதற்காக ஆறு மாதம், வாரம் ஒருமுறை காலைச் சிறுநீரில் சோதனைப் பட்டையை முக்கிப் பார்க்க வேண்டும். மஞ்சளாகவே இருந்தால் நிம்மதி. பச்சையானால் புரதம் கசிகிறது.

முதலில் கோப்பையைக் கண்டாலே ஓடியவன், திடீரென்று சமர்த்தாகிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை அவள் கூப்பிடும் முன்பே கோப்பையோடு நிற்பான். பட்டையும் மஞ்சள் மாறாது. அவளும் நோட்டில் குறித்துவைத்தாள்.

ஆறாவது ஞாயிறு. ஐந்து வயதுச் சின்னவள் காலைப் பின்னிக்கொண்டு நெளிந்தாள்.

"பாத்ரூம் போயேன்டி."

"அண்ணன் எழுந்திரிக்கட்டும்."

"உனக்கு வர்றதுக்கு அவன் எதுக்குடி எழுந்திரிக்கணும்?"

"இன்னிக்கு டெஸ்ட்டுல்ல!" என்றவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

முந்தி நீட்டிய ஐந்து கோப்பைகளும் அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தன. சின்னவளை அனுப்பிவிட்டு, பெரியவனை எழுப்பினாள். "கதவைச் சாத்தாம போ."

அவன் முகமே சொல்லிவிட்டது. அன்று கோப்பையை அவன் நீட்டவில்லை, அவள்தான் வாங்கினாள். நிமிடத்தில் பட்டை பச்சையானது.

"ஏன்டா இப்படிப் பண்ண?"

"நீதானம்மா சொன்ன, பச்சையானா மறுபடி ஆஸ்பத்திரியில போட்டுடுவாங்கன்னு!"

சொல்லியிருந்தாள். ஓடுகிறவனைப் பிடிக்க வாய்க்கு வந்ததைச் சொல்லி மிரட்டியிருந்தாள்.

மறுநாள் டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார். "அஞ்சு வாரமா சுத்தமா இருக்கே?"

"அது இவன்து இல்லைங்க. தங்கச்சிது."

"அப்ப அவ நல்லாருக்கா" என்று சிரித்தவர், சிரிப்பை உடனே மடித்துவைத்தார். ரத்த அழுத்தம் பார்த்தார், ரத்தம் எடுத்தார். கசிவு எப்போது தொடங்கியது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. நல்லவேளை, சிறுநீரகம் இன்னும் தளரவில்லை. கசிவைக் குறைக்க மாத்திரை எழுதினார். "ரெண்டு மூணு நாளைக்கு ஒருமுறை பாருங்க. குறையலேன்னா சிறுநீரகத்துலேருந்து ஊசியால துளி சதை எடுத்துப் பாக்கணும், ஸ்டீராய்டும் வேணும்னு வரலாம்." பையனிடம் குனிந்தார். "இப்ப வீட்டுக்குத்தான் போற. பொய்க் கோப்பை குடுத்தாதான் இங்க வந்து படுக்கணும். சரியா?"

புதன்கிழமை காலை அவன் கதவை விரியத் திறந்துவைத்தான். "வேணும்னா உள்ள வந்து பாரும்மா."

"எனக்கு உன்மேல நம்பிக்கை இருக்குடா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் கோப்பையை வாங்கும்போது உள்ளங்கையை அடியில் வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. சின்னவள் எங்கே என்றும் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். போர்வைக்குள் குறட்டை.

பட்டை பச்சையாகத்தான் வந்தது. தேதி போட்டு, அதை அப்படியே எழுதினாள்.