நாலு பேர்

"எல்லாரும் எடுத்தாச்சு. ஒண்ணு மட்டும் நிக்குது," என்றார் இஸ்திரிக்காரர்.

யார் முகத்தையும் பார்த்துச் சொல்லவில்லை. கையிலிருந்த தேநீர் டம்ளருக்குள் பார்த்துச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை இடிப்பு வேலை முடிந்து, தெருக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் தலையிலும் புருவத்திலும் சுண்ணாம்புத் தூசியோடு கால் நீட்டி உட்கார்ந்திருந்த நேரம். மூலைவீட்டு ஆர்க்கிடெக்ட் பெண், "அதை அப்புறம் பாத்துக்கலாம் அண்ணா," என்று சொல்லிவிட்டுத் தன் காலணியில் ஒட்டிய சாந்தைச் சுரண்டத் தொடங்கினாள். மருந்துக்கடை அக்கா தலை நிமிரவில்லை. மிச்சம் நின்றுகொண்டிருந்த அந்த ஒன்று அவள் வீட்டு வாசல் அறைதான்.

தெருமுனை மருந்துக்கடையில் தலை நரைக்கும்வரை நின்று மாத்திரை எடுத்துக் கொடுத்தவள் அவள். அதனால் அந்தப் பெயர். எந்த வீட்டில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு ராத்திரி தூக்கம் வருவதில்லை, யார் வீட்டு மருமகள் ரகசியமாக எதை வாங்கிப்போகிறாள், எல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்ததில் ஒரு சொல் வெளியே போனதில்லை. அந்த மரியாதையை மூலதனமாக வைத்துத்தான் இந்த வேலையில் இறங்கினாள்.

பழைய தெரு அது. இரண்டு பக்கமும் வீடுகளுக்கு முன்னால் கல்தூண்கள், தூண்களுக்கு மேலே வளைவுகள். மழையில் நனையாமல், வெயில் படாமல், ஒரு முனையில் நுழைந்தால் மறுமுனையில் வெளியே வரலாம் என்பார்கள். அது எந்தக் காலமோ. அவள் கல்யாணமாகி வந்தபோதே ஒவ்வொரு வளைவும் அடைபட்டிருந்தது. ஒருவர் தகரம் அடித்துக் கடை போட்டிருந்தார். இன்னொருவர் செங்கல் வைத்து அடுப்படி கட்டியிருந்தார். கூரைகள் ஒழுகின, சுவர்களில் செடி முளைத்தது. ஒரு மழைக்காலத்தில் அடுத்தடுத்து இரண்டு வீடுகள் சரிந்ததும், தெருவையே மொத்தமாக இடித்துத் தள்ளப்போவதாக நகர நிர்வாகத்திலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். ஆர்க்கிடெக்ட் பெண்தான் ஓடியாடி விசாரித்துக்கொண்டு வந்தாள். பாரம்பரியத் தெரு என்று அறிவித்துவிட்டால் யாரும் கை வைக்க முடியாது. ஆனால் வளைவுகள் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். ஒன்றே ஒன்று அடைபட்டிருந்தாலும் செல்லாது.

வீடு வீடாக ஏறி இறங்கியவள் மருந்துக்கடை அக்காதான். எதிர்வீட்டு அம்மாவின் அடுப்படியை இடிக்கச் சம்மதம் வாங்கியது அவள். இஸ்திரிக்காரரின் தகரக் கொட்டகையைக் கழற்றியபோது தகரத்தின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றதும் அவள். "பின்சந்துல நல்ல இடமா பாத்துத் தரோம்ணே, கஸ்டமர் தேடி வந்துடுவாங்க," என்று சொன்னாள். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். பின்சந்துக்கு யாரும் தேடி வரவில்லை.

அவளுடைய வாசல் அறையில் அவள் கணவர் படுத்திருந்தார். பேருந்து ஓட்டியவர். ஸ்டியரிங்கைத் தொட்டு எத்தனையோ காலமாகியும் தெருவுக்கு அவர் டிரைவர்தான். மொட்டை மாடியில் அடைத்துக்கொண்ட இலைகளை அள்ளப்போய்ப் பின்பக்கமாக விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போனது. குறுகலான வீடு. கீழே அடுப்படியும் குளியலறையும் மாடிப்படியும் போக ஒரு கட்டில் போட இடமில்லை. அதனால் வாசல் வளைவை இடுப்புயரம் செங்கலும் மேலே தகரமுமாக அடைத்து, தெருவைப் பார்த்து அகலமாக ஒரு ஜன்னல் வைத்துக் கட்டிலைப் போட்டார்கள். கால் போனதும் வாய்க்கு வலு ஏறியதோ என்னவோ, அந்த ஜன்னலைத் தாண்டி ஒருவர் சும்மா போய்விட முடியாது. "என்ன மளிகை, நடையில ஒரு மார்க்கமா இருக்கே, வீட்ல சண்டையா?" என்பார். நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். தெருவில் நடப்பது எல்லாம் கட்டிலில் கிடந்தவருக்குத்தான் முதலில் தெரியும்.

அன்றும் தெரிந்திருந்தது. அவள் கைகால் கழுவிவிட்டு உள்ளே வந்தபோது, கேட்காமலே ஆரம்பித்தார்.

"இஸ்திரி சொன்னதுல தப்பில்லையே."

"அவர் ஆயிரம் சொல்வார். நான் பேசிக்கிறேன்."

"என்னன்னு பேசுவ? எங்க வீட்டுக்காரருக்குக் கால் விளங்காது, அதனால எங்களுது மட்டும் இருக்கட்டும்னா? எதிர்வீட்டம்மாகிட்ட அடுப்படியை இடிக்கச் சொன்னப்ப, மழை வந்தா எங்க சமைப்பீங்கன்னு கேட்டியா நீ?"

அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த அம்மா சம்மதித்திருக்க மாட்டாள் என்று தெரிந்தே கேட்கவில்லை.

"மேல அந்த ரூம்ல ஜன்னலைத் திறந்தா பின்வீட்டுச் சுவர்தாங்க தெரியும்."

"சுவத்துக்கு என்ன, அதுவும் பழைய சுவர்தானே. பாரம்பரியம்." சிரித்தார். "அப்பப்ப கீழ இறக்கி விடுங்க. தெரு பூரா ஆளு இருக்கு. என்னைத் தூக்க நாலு பேர் கிடைக்க மாட்டாங்களா?"

அவர் முடியாது என்று சொல்லிவிடுவார், அதைச் சாக்காக வைத்துக்கொள்ளலாம் என்று அவள் உள்ளூர நம்பியிருந்தாள். அவர் சொல்லவில்லை. கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் ஒரு நிம்மதியும் வந்தது. இனி யாரும் தன்னை ஒரு சொல் சொல்ல முடியாது என்கிற நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்துத்தான் பிறகு அவள் தன்னை அதிகம் வெறுத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மரநாற்காலி ஒன்றில் அவரை உட்காரவைத்து, நெஞ்சைச் சுற்றித் துண்டால் கட்டி மாடிக்குத் தூக்கினார்கள். மளிகைக்கடைக்காரர், ஆர்க்கிடெக்டின் கணவர், எதிர்வீட்டு அம்மாவின் மருமகன், இஸ்திரிக்காரர். படி பாதியில் திரும்புகிற இடத்தில் நாற்காலி சுவரில் இடித்து நின்றது. சாய்த்து, நிமிர்த்தி, மறுபடி சாய்த்துப் பார்த்தார்கள். தலை ஒரு பக்கமாகத் தொங்க உட்கார்ந்திருந்த டிரைவர், "நாலு பேர் தூக்குறதுங்கறது ஆளுக்கு ஒரே தடவைதான்னு நினைச்சிருந்தேன். எனக்கு ரெண்டு தடவை வாய்ச்சிருக்கு," என்றார்.

"வாயைக் கழுவுங்கண்ணே," என்றார் மளிகைக்கடைக்காரர். ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது. நாலு பேரும் சிரித்ததில் நாற்காலி குலுங்கியது. மேலே இறக்கி வைத்ததும் மளிகைக்கடைக்காரரே வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஒரு குரல் குடுங்கக்கா, போதும். வாரா வாரம் இறக்கி, சாயங்காலம் ஏத்தி விட்டுடறோம். நாலு பேர் வேலைதானே," என்றார். மனசாரச் சொன்னார். அதில் அவளுக்கு எப்போதும் சந்தேகம் வந்ததில்லை.

சாயங்காலத்துக்குள் அறை தரைமட்டமானது. தகரம் விழுந்ததும், அதுவரை அடைபட்டிருந்த அந்த ஒரே இடத்தின் வழியாகத் தெருவின் ஒரு முனை வெளிச்சம் மறுமுனைவரை ஓடியது. தூண் தூணாக, வளைவு வளைவாக, கண்ணாடிக்குள் கண்ணாடி போல நீண்டுகொண்டே போனது. எதிர்வீட்டு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள். அவ்வளவு அழகாக இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். அறிவித்தார்கள். தெரு பிழைத்தது. பழைய பாணியில் விளக்குகள் வந்தன. ஆட்கள் கூட்டமாக வந்து அண்ணாந்து பார்த்தபடி நடந்தார்கள். மளிகைக்கடைக்குப் பக்கத்தில் காபிக்கடை திறந்தது.

முதல் ஞாயிறு நாலு பேரும் வந்தார்கள். டிரைவர் வளைவுக்கடியில் பொழுது சாயும்வரை உட்கார்ந்து, தொண்டை கட்டிப்போகுமளவு பேசினார். அடுத்த வாரம் ஒருவர் குறைந்தார். வழியில் போனவரைக் கூப்பிட்டுப் பிடிக்கவைத்தார்கள். அப்புறம் மளிகைக்கடைக்காரருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. எதிர்வீட்டு மருமகன் மாடியை வெளியூர்க்காரர்கள் தங்குவதற்கு வாடகைக்கு விட்டு, மாமியாரை மட்டும் கீழே இருக்கவைத்துவிட்டுக் குடும்பத்தோடு வேறு பக்கம் போனார். ஆர்க்கிடெக்டின் கணவர் ஞாயிறுதோறும் கூட்டத்துக்குத் தெருவைச் சுற்றிக்காட்டினார். "அடுத்த வாரம் கண்டிப்பா அக்கா," என்றார். யாரும் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. மளிகைக்கடைக்காரரின் முதுகுக்கு எந்தக் களிம்பு கேட்கும் என்று சொன்னதே அவள்தான். கூப்பிடப் போகும்போது எதிரிலிருப்பவர் முகம் ஒரு கணம் சுருங்கி, பிறகு சிரிப்பாக விரிவதைப் பார்க்க முடியாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள்.

மேலே அவர் முதலில் தெருச் செய்தி கேட்டார். அவள் சேகரித்துக்கொண்டு வந்து சொன்னாள். அவளுக்கு அவரைப் போலச் சொல்ல வராது. பாதியில் அவர் "ம்" என்பார். பிறகு கேட்பதே நின்றது. பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்துத் தூங்கினார், அல்லது தூங்குவதுபோல் இருந்தார். முதுகில் தோல் சிவந்து உரியத் தொடங்கியது. அது எங்கே போய் முடியும் என்று அவள் கடையில் நின்ற காலத்திலேயே எத்தனையோ பேருக்குப் பார்த்திருக்கிறாள். ஒருநாள் தட்டைப் பாதியில் நகர்த்திவைத்து, "இனிமே இவ்வளவு போடாத," என்றார்.

"அறையைத் திரும்பக் கட்டிடறேன்," என்றாள் அவள். "எவன் வந்து கேக்கறான்னு பாக்கறேன்."

"கட்டினா அறிவிச்சதை வாபஸ் வாங்கிடுவாங்க. வீடு வீடா கெஞ்சிச் சேத்த தெரு."

"எனக்கு வேண்டாங்க இந்தத் தெரு."

"எனக்கும்தான் வேண்டாம்," என்றார் அவர், சுவரைப் பார்த்தபடியே. "எதிர்வீட்டம்மாவுக்கு வேணுமே. அவங்களுக்குப் போக வேற இடம் இல்ல."

அந்த ஞாயிறு மத்தியானம் அவள் பின்சந்துக்குப் போனாள். இஸ்திரிப் பெட்டியில் கரி சாம்பல் பூத்திருந்தது. மேஜையில் ஒரே ஒரு சட்டை மடித்துக் கிடந்தது. இஸ்திரிக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கேயும் ஒரு சுவர் என்று நினைத்துக்கொண்டாள்.

"வேற யாரு வராங்க?" என்று கேட்டார்.

"யாரும் இல்லண்ணே."

அவர் சட்டையை எடுத்து உள்ளே வைத்துவிட்டு எழுந்தார்.

இரண்டு பேருக்கு நாற்காலி சரிப்படாது. இஸ்திரிக்காரர் பின்னாலிருந்து அக்குளில் கை கொடுத்துப் பிடித்துக்கொள்ள, அவள் கால்களைத் தூக்கிக்கொண்டு பின்னோக்கி இறங்கினாள். கணவர் எவ்வளவு இளைத்துப்போயிருக்கிறார் என்பது கையில் தெரிந்தது. அப்படியும் கனத்தார்.

"அன்னிக்கு நான் அப்படி..." என்று மேலேயிருந்து இஸ்திரிக்காரர் ஆரம்பித்தார்.

"காலைப் பாத்து வைங்கண்ணே," என்றாள் அவள்.

திருப்பத்தில் அவள் முழங்கால் மடங்கியது. எப்படியோ விழாமல் அவரைப் படியில் உட்காரவைத்தார்கள். இஸ்திரிக்காரர் அவருக்குப் பின்னால் முட்டுக்கொடுத்தபடி உட்கார்ந்து மூச்சு வாங்கினார். அவள் ஒரு படி கீழே உட்கார்ந்தாள். மறுபடி தூக்க இரண்டு பேருக்கும் தெம்பில்லை. மேலேயும் போக முடியாது, கீழேயும் போக முடியாது. டிரைவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். வேடிக்கையாக ஏதாவது சொல்லிவிட மாட்டாரா என்று அவள் காத்திருந்தாள்.

கீழே தெருக்கதவு பாதி திறந்திருந்தது. அந்த இடைவெளியில் ஒரு கீற்று வெயில், அதில் வந்துபோகும் கால்கள். டிரைவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"யாரு அது?"

"தெரியலைங்க."

கொஞ்சம் பொறுத்து, "இது?"

"வெளியாளு யாரோ."

வெள்ளைக் காலணிகள், குதிகால் உயர்ந்த செருப்புகள், ஒரு குழந்தையின் சிவப்பு பூட்ஸ். அவர் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். கேட்பதை நிறுத்திவிட்டார்.

கதவு அகலத் திறந்தது. கழுத்தில் கேமரா மாட்டிய ஒரு பெண் தலையை நீட்டி, பின்னால் யாரிடமோ, "படிக்கட்டும் பழசுதான் போல, வாங்க," என்றாள். ஒரு படி ஏறினாள். இருட்டு பழகியதும், மேலே ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருந்த மூன்று பேரைப் பார்த்தாள்.

"ஐயோ, மன்னிச்சுக்கோங்க. ஆள் இருக்கற வீடுன்னு தெரியல."

நல்ல பெண். சத்தம் வரக்கூடாது என்று கதவை மெல்ல இழுத்து, தாழ் விழும்வரை முழுசாகச் சாத்திவிட்டுப் போனாள்.

இருட்டில் இஸ்திரிக்காரர் இருமினார். அவள் கணவரின் பாதத்தைக் கையால் தேடினாள். அது படியின் விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. சில்லென்றிருந்தது. எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.