சமையலறைச் சுவரில் நான்கு மில்லிமீட்டர்

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்தது அல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இது அக்கா செய்த காரியம். நான் மாடியில் குடியிருந்துகொண்டு கதை எழுதுகிறவன். அவள் கீழே குடியிருந்துகொண்டு எனக்குச் சாப்பாடு போடுகிறவள். செவ்வாய்க்கிழமை மதியம் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே படியேறி வந்து, "ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றாள். எழுதுகிறவனிடம் போய் இப்படிச் சொல்கிறவர்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "பூமிக்கு அடியில், இருளின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு, ஓர் இரும்பு அசுரன் —"

வேண்டாம். அந்த இயந்திரத்தை நான் பார்த்ததே இல்லை. பார்த்ததெல்லாம் தெருமுனைத் தகர வேலியும், அதன்மேல் 'சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்ற பலகையும்தான். நான்கு வருடமாக வருந்திக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாம் முயற்சி: "வளர்ச்சி என்பது யாதெனில் —"

இதை எழுதியதற்கு நானும் வருந்துகிறேன்.

மூன்றாவது: "நகரத்தின் முதல் சுரங்க ரயில் பாதை எங்கள் சமையலறைக்கு நேர் கீழே போகிறது." இது உண்மை. இதோடு தொடங்கலாம். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று கடன் வாங்காமல் அக்கா கட்டிய வீடு இது. கீழே இன்னொரு வளை வரும் என்று அப்போது யார் கண்டது?

3

சமையலறைச் சுவரில், அடுப்புக்கு மேலே, ஒரு பழைய விரிசல். சுரங்கம் தோண்டுகிறவர்கள் அதன் குறுக்கே இரண்டு சின்ன பிளாஸ்டிக் தகடுகளை ஒட்டிவிட்டுப் போனார்கள். ஒன்று விரிசலுக்கு இந்தப் பக்கம், மற்றது அந்தப் பக்கம், நடுவில் ஒன்றன்மேல் ஒன்று. கீழே இருப்பதில் கட்டங்கள், மேலே இருப்பதில் சிவப்பாக ஒரு கூட்டல் குறி. விரிசல் அகலமானால் குறி கட்டத்தைத் தாண்டி நகரும். மூன்று மில்லிமீட்டர் நகர்ந்தால் இயந்திரத்தை நிறுத்த வேண்டும் என்பது விதி.

செவ்வாய்தோறும் பதினொரு மணிக்கு ஒருவர் வந்து அதைப் பார்த்துக் குறித்துக்கொள்வார். (அக்கா அவருக்கு வைத்த பெயர் 'விரிசல் சார்'. அலுவலகத்தில் வேறு பெயர் இருக்கும், கேட்டதில்லை.) ஒப்பந்த வேலை. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, சுவர் தூங்குவதுபோல மெல்ல நடந்து வருவார். தகடு ஒட்டியவரும் அவர்தான். ஒட்டிய அன்று அதைப் படம் எடுத்து வைக்க வேண்டுமாம். அக்கா கொடுத்த டீ கையில் இருந்ததால் மறந்துவிட்டார்.

4

இப்போது அக்கா. ஒரு பாத்திரமாக இவளை வாசகர் நம்புவாரா என்று எனக்குச் சந்தேகம்.

முப்பத்தோரு வருடம் ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டரில் கத்தி, கத்திரி, இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, கொதிக்கவைத்து, எண்ணி அடுக்கிய நர்ஸ். ஓய்வுபெற்ற பிறகும் ஓய்வு பெறாதவள். எண்ணெய்ப் பிசுக்கு படிந்த ஓர் அளவுக்கருவி அவள் கண்ணெதிரே, அவள் சமையலறையில். மூன்று மாதம் பொறுத்தாளே, அதுவே பெரிது.

திங்கட்கிழமை மெல்லிய கத்தியால் தகடுகளை நெம்பி எடுத்து, சோப்புப் போட்டு, வெந்நீரில் அலசி, காயவைத்து, எங்கிருந்தோ பசை தேடி எடுத்துத் திரும்ப ஒட்டிவிட்டாள்.

"ஏன்க்கா?"

"அளக்க வர்றவர் முன்னாடி அழுக்காவா காட்டுறது? கருவின்னா கழுவணும்."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை. கூட்டல் குறி நான்கு மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்துவிட்டது. செவ்வாய் பதினொரு மணிக்கு விரிசல் சார் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார், போன் செய்தார். பூமிக்கு அடியில் ஒரு தெரு நீளத்துக்கு இருக்கும் இயந்திரம், என் அக்காவின் சுத்தத்தால் நின்றது.

5

இங்கே கதை சிரிப்பதை நிறுத்திக்கொள்கிறது. என்னை மீறி நடந்தது.

வீட்டின் மற்ற சுவர்களில் அவர்கள் பொருத்தியிருந்த கருவிகள் எல்லாம் எதுவும் அசையவில்லை என்று சொல்லிவிட்டன. அப்படியானால் தகட்டை முதலிலேயே கோணலாக ஒட்டிவிட்டு, வாராவாரம் சரியாகப் பார்க்காமலே குறித்திருக்கிறார்கள் என்று முடிவாகிவிட்டது. ஒட்டியது யார்? படம் எங்கே?

இன்று, வெள்ளிக்கிழமை காலை, விரிசல் சார் வந்தார். அளக்க அல்ல.

"அடுத்த வாரத்துலருந்து வேற ஆள் வருவாங்கம்மா. இன்னைக்கு அஞ்சு மணிக்கு என் கணக்கை முடிச்சு அனுப்பிடுவாங்க. நான் நேராத்தான் ஒட்டினேன். நீங்க பக்கத்துலதானே நின்னீங்க, ஞாபகம் இருக்கா?"

டீயை நீட்டிக்கொண்டே அக்கா சொன்ன பதில்: "சர்க்கரை போதுமா?"

அவர் போதும் என்றார். குடித்தார். டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

6

முடிவுகள்.

அ) உண்மையிலேயே விரிசல் விட்டு, விரிசல் சார் ஊரைக் காப்பாற்றியவர் ஆகிறார். (சுவர் இடிய வேண்டும். அக்கா என்னைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட மாட்டாள்.)

ஆ) தகட்டில் சோப்பு வாசனை வருவதை ஒரு பொறியாளர் கண்டுபிடிக்கிறார். (நான்கு நாள் நிற்கிற சோப்பு எங்கே விற்கிறது?)

இ) அக்கா அலுவலகத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள்.

இது நன்றாக இருந்தது. இரண்டு பக்கம் மளமளவென்று எழுதினேன். அக்கா மேலே வந்தாள், பக்கங்களைக் கையில் எடுத்தாள், நின்றபடியே படித்தாள்.

"இதையே வெச்சுக்கோ. நல்லா சொல்லியிருக்கேன்."

"அப்ப நிஜத்துல?"

"அதான் கதையில சொல்லிட்டேனே."

"அக்கா."

"நிஜத்துல என்னை என்ன நினைப்பாங்க? முப்பத்தோரு வருஷம் ஒரு ஊசியைக்கூட நான் தப்பா எண்ணினதில்லைடா." பக்கங்களைத் திருப்பினாள். "எங்கிருந்தோ பசைன்னு எழுதியிருக்கே. எங்கிருந்து?"

(திருத்தம், பகுதி 4: எங்கிருந்தோ அல்ல. என் மேஜையிலிருந்து. தலையைத் தூக்காமல் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். 'நேரா இருக்கான்னு வந்து பாரு' என்று கூப்பிட்டாள். 'கோணலா இருந்தா யார் பார்க்கப்போறா' என்று சொல்லிவிட்டு எழுதிக்கொண்டிருந்தேன்.)

7

இ-யை அக்காவின் முன்னாலேயே கிழித்துவிட்டேன். அது இருந்தால் நாங்கள் இருவரும் கதைக்குள்ளேயே நல்லவர்களாகி, காலை நீட்டிக்கொண்டு தூங்கிவிடுவோம். அவருக்கு மட்டும் வேலை போயிருக்கும்.

இப்போது மணி நான்கு பத்து. அலுவலகம் பேருந்தில் அரை மணி நேரம். நம்புவார்களா, சிரிப்பார்களா, அதற்குள் அவரிடம் கையெழுத்து வாங்கியிருப்பார்களா, எனக்குத் தெரியாது. அக்கா தலை சீவிக்கொண்டு கீழே வாசலில் நிற்கிறாள்.

"வர்றியா, இல்ல எழுதிக்கிட்டே இருக்கப்போறியா?"

இந்தக் கதைக்கு நான் முடிவு எழுதப்போவதில்லை. விருப்பப்பட்டால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், அக்காவை என்ன வேண்டுமானாலும் பேச வையுங்கள். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன்: ஐந்து மணிக்கு நான் இன்னும் மாடியில் உட்கார்ந்திருப்பதாக எழுதிவிடாதீர்கள்.