மூன்று பேர் திருத்திய ராஜினாமா

எங்கள் அலுவலகத்தில் மூன்று பேர் திருத்தாமல் எந்தத் தாளும் வெளியே போகாது. முதலாளி, அவர் மனைவி, அவர் மச்சினன். நான்காவது ஆள் நான், குடும்பத்தைச் சேராத ஒரே ஜீவன். மற்ற கம்பெனிகள் எப்படி ஒழுங்காக நடக்க வேண்டும் என்று ஆலோசனை சொல்வது எங்கள் தொழில். மருந்துக்கடை மாடியில் இரண்டு அறை, மூன்று நாற்காலி. நான் பழைய கோப்புகள் வைத்த இரும்புப் பெட்டியின் மேல் உட்கார்ந்து ஆலோசனை சொன்னேன்.

அன்று ராஜினாமாக் கடிதம் கொண்டுபோனேன். பெரிய கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. முதலாளியின் கையெழுத்தோடு ஐந்து மணிக்குள் அனுப்பாவிட்டால் அந்த இடம் வேறொருவனுக்குப் போய்விடும்.

இரண்டே வரி. முதலாளி கத்துவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"என்ன தம்பி இது, காரணமே இல்ல? படிக்கிற வாடிக்கையாளர் நம்புவாரா?"

"படிக்கிறது நீங்கதான் சார்."

"அதான் சொல்றேன். எனக்கே நம்பிக்கை வரல."

தாள் மச்சினனிடம் போனது. படம் இல்லாத தாள் அவருக்குத் தாளே அல்ல.

"மாற்று வழி மூணு வேணும் தம்பி. ஒண்ணு, போறது. ரெண்டு, இருக்கறது. மூணு, பாதி நாள் போறது."

பாதி நாள் போவதற்கு நானே வட்டப் படம் வரைந்து கொடுத்தேன். என்னைச் சொல்ல வேண்டும்! மணி மூன்றாகிவிட்டது.

கடைசியில் அக்கா. முதலாளியின் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவேன். தொலைபேசி, தபால், வருகிறவர்களுக்கு டீ, மச்சினனின் படங்களில் தப்பு பார்ப்பது எல்லாம் அவர் தலையில்தான். வட்டப் படத்தை ஒரே கோட்டில் அடித்துவிட்டு மளமளவென்று எழுதினார். 'பதினோரு வருடமாகச் சாப்பாட்டு நேரமும் மீட்டிங்தான். லீவு கேட்டால் இது நம் குடும்பம் என்கிறீர்கள். யோசனை நான் சொன்னால் காதில் விழாது, அதையே இன்னொருவர் சொன்னால் கைதட்டல்.'

"அக்கா, நான் வந்து மூணு வருஷம்தானே ஆகுது?"

"எழுதுறப்ப குறுக்க பேசாதீங்க."

நாலே முக்காலுக்கு முதலாளி படித்தார். கண் கலங்கிவிட்டது.

"இவ்வளவு கஷ்டத்தோடயா ஒரு ஆளு இங்க இருந்திருக்கு? இப்படி எழுதினா யாராலயும் மறுக்க முடியாது."

ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு உயிர் வந்தது. நான் கையை நீட்டுவதற்குள் அக்கா தாளை இழுத்து, அடியில் தன் பெயரை எழுதினார்.

"உங்களுக்கு அந்த ரெண்டு வரியே போதும் தம்பி. இது என்னோடது."

கைப்பையை எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கிவிட்டார். மச்சினன், "அப்போ டீ?" என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த அலுவலகத்தில் மாட்டிக்கொண்டவன் நான் ஒருவன்தான் என்று மூன்று வருடமாக என்மேல் நானே பரிதாபப்பட்டிருக்கிறேன்.

மணி ஐந்தாக நான்கு நிமிடம். அந்த இரண்டு வரியையும் புதுத் தாளில் எழுதி நீட்டினேன். முதலாளி காலி நாற்காலியைப் பார்த்தார்.

"மூணு பேர் பாக்கணுமே தம்பி. ஒரு ஆளு குறையுதே."

சிவப்புப் பேனாவை அவர் கையிலிருந்து வாங்கினேன். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அங்கே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். 'தங்கள் பணிவுள்ள' என்பதை அடித்தேன்.

"இப்ப மூணு பேர் சார்."

கையெழுத்துப் போட்டார்.