சேவலின் கழுத்து இறகு

அன்னூருக்கு வடக்கே, தெய்வாத்தாளின் தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் ஓட ஆரம்பித்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷம் தை மாதம். அதற்குமுன் இருபது வருஷம் அவள் புருஷன் அப்புசாமி விடியுமுன்னே எழுந்து, எருதுகளைப் பூட்டித் தோல்பறியில் தண்ணீர் இறைத்தான். எருதுகளோடு கிணற்றுச் சரிவில் இறங்கி ஏறி, இறங்கி ஏறி முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயின. நீலகிரி மலையில் பைக்காரா ஆற்றுத் தண்ணீரிலிருந்து எடுத்த கரண்டுக்குக் கம்பி வந்த அன்று, கிணற்று மேட்டில் உட்கார்ந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சும்மா உட்கார்ந்து தெய்வாத்தாள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கம்பி பக்கத்துத் தோட்டத்தோடு நின்றிருக்க வேண்டியது. இஞ்சினீர் வரதராஜுலுதான் வெயிலில் நடந்து அளந்து, மேலிடத்துக்கு எழுதி, இன்னும் நாலு கம்பம் நட வைத்தார். நன்றி சொல்லப் போனால், தான் கம்பம் மட்டுமே நட்டதாகவும் மற்றதெல்லாம் மலைத் தண்ணீரின் வேலை என்றும் சொல்லி அனுப்பிவிடுவார். வேட்டி, துண்டு வைத்துக் கொடுத்ததையும் வாங்கவில்லை. ஒரு நாள் சாப்பிட வரமட்டும் சம்மதித்தார்.

சிவப்புச் சேவலை அடித்துக் குழம்பு வைத்தாள். சாப்பிட்டுக் கைகழுவப் புறக்கடைக்குப் போனவர், அங்கே குவிந்து கிடந்த இறகுகளைப் பார்த்து நின்றுவிட்டார். கழுத்து இறகு ஒன்றை எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்கக்கா, இதைய நான் எடுத்துக்கட்டுங்களா?"

விளையாடுகிறார் என்றுதான் நினைத்தாள். அவர் விளக்கமாகச் சொன்னார். மலை ஆறுகளில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட ட்ரௌட் மீன், தண்ணீர்மேல் வந்து உட்காரும் பூச்சியைப் பிடித்துத் தின்னும். அதனால் தூண்டில் முள்ளில் இறகு சுற்றி ஈயைப்போலக் கட்டி மிதக்க விடுவார்கள். மீன் பிடிக்கவென்று தான் சீமையிலிருந்து வரவழைத்த இறகை மழைக்காலத்தில் பூச்சி அரித்துவிட்டது. வேறு இறகில் கட்டிய ஈயெல்லாம் நனைந்து முழுகிவிடுகிறது. விறைப்பான சேவல் கழுத்து இறகுதான் தண்ணீரில் நிற்கும்.

தெய்வாத்தாள் இறகுகளை அலசி, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போட்டுக் கொடுத்தனுப்பினாள். இதையாவது வாங்கிக்கொண்டாரே என்று மனசு நிறைந்தது.

சித்திரையில் வரதராஜுலுவிடமிருந்து கடிதம் வந்தது. இருவரும் தான் இருக்கும் பைக்காராவுக்கு வர வேண்டும், தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார். மேட்டுப்பாளையத்தில் ரயிலேறி, ஊட்டியில் பஸ் பிடித்து, குளிரில் நடுங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள்.

சாயங்காலம் அவர் முள்ளைச் சின்ன இடுக்கியில் மாட்டி, மஞ்சள் பட்டு நூலைச் சுற்றி, இறகின் அடியை வைத்துக் கட்டினார். பிறகு இறகையே நாலு சுற்றுச் சுற்ற, அதன் மயிர்கள் சுற்றிலும் சிலிர்த்து நின்றன. தம்ளர் தண்ணீரில் போட்டதும் அந்த மயிர் நுனிகளில் ஈ நின்றது. அடுத்ததைக் கட்டும்போது நூல் கைநழுவியது. ராட்டை சுற்றிப் பழகிய தெய்வாத்தாள் அதை வாங்கித் தானே கட்டி முடித்தாள். கொஞ்சம் பருமனாகத்தான் வந்தது.

காலையில் ஆற்றங்கரைக்குப் போனார்கள். தெய்வாத்தாள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கிக் கும்பிட்டாள். சாமியிடம் சொல்வதுபோல் நீளமாகச் சொல்ல நினைத்திருந்தாள். வாயில் வந்தது ஒன்றுதான்.

"நாங்க நல்லா இருக்கோமுங்க."

வரதராஜுலு அவள் கட்டிய ஈயை மாட்டினார். மூன்று தடவை வீசியும் மீன் வரவில்லை. பிறகு அப்புசாமியைப் பாறைமேல் உட்காரவைத்து, அவன் கையில் தூண்டில் கோலைக் கொடுத்து, மணிக்கட்டைப் பிடித்து வீசக் காட்டினார். கயிறு முதலில் புதரில் சிக்கியது. அப்புறம் நேராகப் போய் விழுந்தது. ஈ நிமிர்ந்து மிதந்து வந்தது. தண்ணீர் மெல்லப் பிளந்து, ஈ காணாமல் போனது.

"இழுக்காதீங்க. ஓடட்டும், உடுங்க," என்றார் வரதராஜுலு.

அப்புசாமி விட்டான். கோல் வளைந்தது; நிமிர்ந்தது; மறுபடி வளைந்தது. கடைசியில் வரதராஜுலு நீட்டிய கைவலைக்குள் வந்த மீனின் விலாவில் செவ்வரளிப் பூ நிறத்தில் ஒரு கோடு ஓடியது.

அங்கேயே சுள்ளி பொறுக்கி, உப்பும் மிளகும் தடவிச் சுட்டுத் தின்றார்கள். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று தெய்வாத்தாள் மூட்டையை எடுத்தாள். அப்புசாமி பாறையை விட்டு எழவில்லை.

"இன்னொருக்கா வீசிப் பாக்கட்டுமா, புள்ள?"

தனக்கென்று அவன் எதையும் கேட்டு அவள் அறியமாட்டாள். மூட்டையைக் கீழே வைத்தாள். நாளைக்குப் போய்க்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.