ஏழாவது இடம்

பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு தம்பதி. அந்தப் பெண்ணின் கையில் பத்திரிகையிலிருந்து கிழித்த பக்கம். போன வருடத்து மார்ச் இதழ்: கூட்டமில்லாமல் செர்ரிப் பூ பார்க்க ஏழு இடங்கள்.

"ஆளே இருக்காதுன்னு போட்டிருந்தான். நிக்கக்கூட இடமில்ல" என்றாள்.

"நீ படிச்ச மாதிரி ஊரே படிச்சிருக்கும்ல" என்றார் கணவர்.

அதை எழுதியவன் நான். என் மடியில் வெள்ளைத் துணி சுற்றிய கலசம் இருந்தது. உள்ளே என் மனைவி மிஹோ. அன்று அவள் இறந்து நாற்பத்தொன்பதாம் நாள். அவள் ஊரில், அவள் வீட்டுக் கல்லறையில் அஸ்தியை வைக்க எடுத்துப் போய்க்கொண்டிருந்தேன்.

அந்தக் கல்லறைக்கு மேலேதான் ஏழாவது இடத்து மரம் நிற்கிறது. கிளைகள் தரை வரை தொங்கும். கல்யாணத்துக்கு முன் மிஹோ என்னை அங்கே கூட்டிப் போனாள். "எதை வேணா எழுது, இதை மட்டும் எழுதாதே" என்றாள். சரி என்றேன். பிறகு அவள் மருத்துவமனையில் படுத்தாள். எனக்குக் கெடு முடிய ஒரு நாள், கையில் ஆறு இடங்கள். அவள் தூங்கும்போது கட்டிலருகே உட்கார்ந்து எழுதி அனுப்பினேன். ஊர்ப் பெயர் போடவில்லை. பேருந்தின் கடைசி நிறுத்தம், கால்வாய் ஓரமாகப் பன்னிரண்டு நிமிட நடை என்று மட்டும் போட்டேன். அதுவே போதுமாக இருந்தது.

ஏப்ரலில் அவள் அப்பா போன் செய்தார். யாரோ பெயர் போடாமல் பத்திரிகையில் எழுதிவிட்டார்களாம், கூட்டம் வந்து வேரெல்லாம் மிதிபடுகிறதாம். போனை வைத்துவிட்டு மிஹோ என்னைப் பார்த்தாள்.

"நீ எழுதலையே?"

"இல்லை."

"அப்ப தோகுஜி பெரியப்பாதான்."

தோகுஜி அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர். தொங்கும் கிளைகளுக்கு முட்டுக் கொடுப்பவர். அந்த மரத்தைப் படம் எடுத்து நகராட்சி நாட்காட்டிக்கு அனுப்பியிருந்தார். ஊரும் அவரைத்தான் சொன்னது. டிசம்பரில் அவர் மிஹோவுக்கு உலர்ந்த சீமைப் பனிச்சைப் பழமும் ஒரு கடிதமும் அனுப்பினார். பழத்தை அவள் பக்கத்துக் கட்டில்காரிக்குக் கொடுத்தாள். கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிப்ரவரி கடைசியில் இறந்தாள்.

நிறுத்தத்தில் மாமா நின்றார். கறுப்பு உடையில், கையில் வண்டிகளை ஒதுக்கும் சிவப்புக் குச்சியோடு.

"காலையில இருந்து இதுதான் வேலை. பொண்ணு காரியத்தன்னிக்கும் லீவு இல்ல, மாப்பிள்ளை."

கலசத்தோடு கல்லறைக்கு ஏறினோம். பூ முழுதாக விரிந்திருந்தது. துறவி ஓதத் தொடங்கியபோது கேமரா முக்காலிக்குப் பின்னாலிருந்து ஒருவர் மெல்லச் சொன்னார்: "கொஞ்சம் ஒதுங்கறீங்களா? படத்துல விழறீங்க."

மாமா ஒதுங்கினார். நானும் ஒதுங்கினேன். கல்லை நகர்த்தி கலசத்தை உள்ளே வைத்தார்கள்.

கீழே கால்வாய் ஓரம் தோகுஜி பெரியப்பா நின்றிருந்தார். அவரும் கறுப்பு உடைதான். விரல்களில் ஜெபமாலை. யாரும் அவரை மேலே கூப்பிடவில்லை.

வீட்டில் சாப்பாடு முடிந்தது. வாசலில் செருப்பு அலமாரி மேல் ஊர்ப் பலகை கிடந்தது. அறிவிப்பைச் செருகி வீடு வீடாக அனுப்புவது; படித்துவிட்டு அவரவர் கட்டத்தில் பெயர் முத்திரை குத்தி அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். மரத்தைச் சுற்றிக் கயிறு கட்ட ஆள் வேண்டும் என்று அதில் இருந்தது.

"நேத்தே போயிருக்கணும். கையோட குடுத்துட்டு வா, மாப்பிள்ளை" என்றார் மாமா. "நீல ஓட்டு வீடு."

"அது ரெண்டாவது வீடாச்சே? அடுத்தது பெரியப்பா வீடுதானே?"

"ஒரு வருஷமா அப்படித்தான் போகுது. பக்கத்து வீட்டு மகராசன் படிக்க என்ன இருக்கு? அவனுக்குத்தான் பத்திரிகைக்காரனெல்லாம் சிநேகம்."

"சும்மா இருங்க, இன்னிக்காவது" என்றார் அத்தை உள்ளிருந்து.

பலகையில் அடியிலிருந்த பழைய அறிவிப்புகளிலெல்லாம் தோகுஜியின் கட்டம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

"மாமா, அதை எழுதினது நான்."

அவர் கழுத்துப்பட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். கை நின்றது.

"மிஹோவுக்குத் தெரியுமா?"

"கேட்டா. இல்லைன்னு சொன்னேன்."

அத்தை குழாயை மூடும் சத்தம் கேட்டது. மாமா கழுத்துப்பட்டையை உருவி மடித்து அலமாரி மேல் வைத்தார்.

"பேனா அங்க இருக்கு. பலகையிலயே எழுது. என்னால வீடு வீடாப் போய்ச் சொல்ல முடியாது."

அறிவிப்பின் அடியில் எழுதினேன். பத்திரிகையில் எழுதியது நான், தோகுஜி அல்ல. கீழே என் பெயர். இரண்டே வரி. என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் எடுத்து எதையும் எழுதியதில்லை.

தோகுஜி பெரியப்பா கதவைத் திறந்தார். பலகையைப் பார்த்ததும் இரு கையாலும் வாங்கினார். படித்தார். கண்ணாடி எடுத்து வந்து மறுபடி படித்தார்.

"அந்தப் பொண்ணு எனக்குப் பதிலே போடல" என்றார். "ரொம்ப முடியலை போலன்னு நெனச்சேன்."

முடியவில்லைதான் என்று சொல்லியிருக்கலாம். பாதி உண்மையும்கூட.

"எழுத முடிஞ்சுது. நீங்கதான்னு நெனச்சா. நெனைக்க விட்டேன்."

அவர் தலையாட்டினார். உள்ளே போய் முத்திரையைத் தேடினார். மை காய்ந்திருந்தது. வாயால் ஊதி ஈரமாக்கி, தன் கட்டத்தில் அழுத்தினார். மங்கலாக விழுந்தது. இன்னொரு முறை அழுத்தினார்.

பலகைக்காகக் கை நீட்டினேன். "நான் கொண்டு போய்க் குடுத்துடறேன்."

"வேணாம். என் வீட்டுக்கு அடுத்தது அது. நான்தான் குடுக்கணும்."

பலகையை மார்போடு பிடித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். பேருந்திலிருந்து இறங்கிய கூட்டம் தெருவை அடைத்து எதிரே வந்தது. அவர் ஓரமாக ஒதுங்கவில்லை. நீல ஓட்டு வீட்டில் மணி அடிப்பது கேட்டது. கதவு திறக்க நேரமாயிற்று.